கீழ்ப்பிரிவு உதைபந்தாட்டக் கழகத்தோடு ஒரு சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் இருக்கும் நம் சனங்களில் பெரும்பாலானோருக்கு உதைபந்தாட்டம் என்றால் ஆர்சனல், லிவர்பூல், செல்சி, மான்செஸ்டர் யுனைட்டெட். டூட்டிங், மிட்சம் பக்கம் நாலு கடையில் கேட்டுப் பாருங்கள், இந்தப் பெயர்கள்தான் வரும். டூட்டிங் பிராட்வேயிலிருந்து கரட் லேன் வழியே அரை மணிநேரம் நடந்தால் ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் பிளவ் லேன் மைதானம் வந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நான் அங்கே போகிற ஆள். "ஏன் அங்கே போகிறாய்?" என்பதில் தொடங்கி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் விம்பிள்டனிலிருந்து வரும். உங்கள் ஊர்க் கழகம் ரோச்டேலோ வால்சாலோ எதுவானாலும் விஷயம் அநேகமாக ஒன்றுதான்.

கீழ்ப்பிரிவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

மேலே பிரிமியர் லீக், 20 கழகங்கள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் வன், லீக் டூ என்று மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 24, மொத்தம் 72. நான் வெறுமனே "லீக்" என்று சொன்னால் இந்த நான்கு படிகள்தான். அதற்கும் கீழே நேஷனல் லீக், அப்புறம் வட்டார லீக்குகள் என்று ஊர்ப் பூங்காவரைக்கும் இறங்கிப் போகும். லீக் வன் என்பது மூன்றாம் படி, லீக் டூ நான்காம் படி. இதில் குழம்பாத புது ரசிகர் இல்லை.

சாம்பியன்ஷிப்பையும் சிலர் கீழ்ப்பிரிவில் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பதில்லை. பிரிமியர் லீக்கிலிருந்து இறங்கிய கழகங்களுக்கு விழுந்த அடிக்கு ஒத்தடமாகப் பெரும் பணம் சில வருடங்களுக்குக் கிடைக்கும். அந்தப் பணத்தோடு அவை சாம்பியன்ஷிப்பில் ஆடுகின்றன. அங்கே கணக்கே வேறு.

யார் ஏறுவார், யார் இறங்குவார்?

ஒரு சீசனுக்கு 46 லீக் ஆட்டங்கள், பாதி சொந்த மைதானத்தில், பாதி வெளியூரில். லீக் டூவில் முதல் மூன்று இடத்தில் முடிப்பவர்கள் நேராக ஏறுவார்கள். 4 முதல் 7 வரை உள்ளவர்கள் பிளே-ஆஃப் ஆடி, அதில் ஒருவர் ஏறுவார். கடைசி இருவர் நேஷனல் லீக்குக்குப் போவார்கள். லீக் வன்னில் முதல் இருவர் நேராக, 3 முதல் 6 வரை பிளே-ஆஃப், கடைசி நால்வர் கீழே.

நான்காம் பிரிவிலிருந்து இப்படித் தானாகவே வெளியே விழும் ஏற்பாடு 1987இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் வருடம் ஏறியது ஸ்கார்பரோ, விழுந்தது லிங்கன் சிட்டி. அதற்கு முன்பு கடைசி இடத்துக் கழகங்கள் மற்றக் கழகங்களிடம் வாக்குக் கேட்டு நிற்கும். பழைய விம்பிள்டன் (அதன் கதை கீழே வருகிறது) 1977இல் லீக்குக்குள் வந்ததே அப்படியொரு வாக்கெடுப்பில்தான்.

லூட்டன் டவுனின் கதையைப் பார்த்தால் இந்த ஏணி விளங்கும். 2009இல், பணச் சிக்கல்களுக்குத் தண்டனையாக விழுந்த 30 புள்ளி வெட்டோடு லீக்கைவிட்டே வெளியே போனார்கள். 2014இல் திரும்பி வந்தார்கள். 2023இல் பிரிமியர் லீக்! 2024இல் ஒரு படி, 2025இல் இன்னொரு படி இறங்கி லீக் வன்னுக்கு வந்து சேர்ந்தார்கள். இவ்வளவும் ஒரே ஆள் இளமையில் தொடங்கி நடுவயதுக்குள் பார்த்து முடிக்கக்கூடியது.

எந்தக் கழகத்தைத் தெரிவு செய்வது?

கிட்ட இருப்பதை. வேறு ஆலோசனை என்னிடம் இல்லை.

அட்டவணையில் எங்கே நிற்கிறது, யார் பயிற்சியாளர், சட்டை என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு. நான் சொல்லும் சோதனை செவ்வாய்க்கிழமை இரவு. லீக் ஆட்டங்கள் பல செவ்வாய் இரவு 7:45க்குத் தொடங்கும். வேலை முடிந்து, வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, மைதானத்துக்குப் போய், ஆட்டம் முடிந்து பத்தரைபோல வீடு திரும்ப முடியுமா? முடியுமென்றால் அது உங்கள் கழகம்.

ரெக்ஸமைக் கேட்பார்கள். ராயன் ரெனால்ட்ஸ், ராப் மெக்கெலென்னி என்ற நடிகர்கள் இருவர் 2021இல் வாங்கியபின் 2023, 2024, 2025 என்று அடுத்தடுத்து மூன்று தடவை ஏறிய கழகம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது பெரிய சந்தோஷம். அதில் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை (கொஞ்சம் இருக்கிறது). ஆனால் குரோய்டனில் இருந்துகொண்டு ரெக்ஸம் ரசிகராவதற்கும் சோபாவில் இருந்து லிவர்பூல் பார்ப்பதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

விம்பிள்டன் என்றால் 1988இல் கப் வென்ற கழகம்தானே? அது எப்படிக் கீழே போனது?

இதற்கு நீளமான பதில் தேவை. படி பாராமல் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கப்பின் 1988 இறுதியில் லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்தது பழைய விம்பிள்டன். லாரி சான்செஸ் தலையால் கோல் போட்டார். ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை டேவ் பீசன்ட் தடுத்தார். வெம்ப்ளியில் நடந்த கப் இறுதியாட்டங்களில் தடுக்கப்பட்ட முதல் பெனால்டி அது. லீக்குக்குள் நுழைந்து பதினொரே வருடத்தில் இது நடந்தது.

1991இல் பழைய பிளவ் லேனை விட்டு, கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்கு ஆடத் தொடங்கினார்கள். சொந்த மைதானம் இல்லாத கழகத்துக்கு வருமானமும் இல்லை, பிடிமானமும் இல்லை. கடைசியில் உரிமையாளர்கள் கழகத்தைச் சுமார் 50 மைல் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார்கள். 2002 மே 28ஆம் தேதி மூன்று பேர் கொண்ட ஆணையம் 2க்கு 1 என்று அனுமதி கொடுத்தது. கழகம் 2003இல் போய், 2004இல் பெயரையும் மாற்றிக்கொண்டது.

ரசிகர்கள் பின்னால் போகவில்லை. அதே கோடையில் விம்பிள்டன் காமன் புல்வெளியில் "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று அறிவித்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள். 2002 ஜூலையில் சட்டன் யுனைட்டெட்டோடு முதல் நட்பாட்டம். 4-0 தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். லீக்கில் தொடங்கியது ஒன்பதாம் படியில், கம்பைண்ட் கவுன்டீஸ் லீக்கில். ஒன்பதே சீசனில் ஐந்து தடவை ஏறி, 2011 பிளே-ஆஃப் இறுதியில் லூட்டனைப் பெனால்டிகளில் வென்று லீக் டூவுக்கு வந்தார்கள். 2016இல் லீக் வன். 2020 நவம்பரில் பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். பழைய மைதானம் இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் புது மைதானம். திரும்பி வந்த முதல் ஆட்டத்துக்குக் கொரோனாவினால் ரசிகர்களை விடவில்லை. இருபத்தொன்பது வருடம் காத்திருந்தவர்கள் வீட்டிலிருந்து கணினியில் பார்த்தார்கள்.

ஆகவே கப் வென்ற கழகம் கீழே போகவில்லை; வேறு ஊருக்குப் போய்விட்டது. இங்கே இருப்பது அதன் ரசிகர்கள் அடியிலிருந்து கட்டியது.

ரசிகர்களே உரிமையாளர் என்றால் எனக்கு என்ன கிடைக்கும்?

ஒரு வாக்கு. விம்பிள்டனின் பெரும்பான்மைக் கட்டுப்பாடு டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் சங்கத்திடம் இருக்கிறது. வருடச் சந்தா கட்டினால் உறுப்பினர். பணக்காரரானாலும் பென்ஷன்காரரானாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். புது மைதானத்துக்குப் பணம் போதாமல் போனபோது கடன் பத்திரம் வெளியிட்டு, 5 மில்லியன் பவுணுக்கு மேல் ஆதரவாளர்களிடமிருந்தே திரட்டினார்கள்.

இதை அளவுக்கு மீறிப் புகழவும் விரும்பவில்லை. கூட்டங்கள் நீளும். ஆட்டக்காரர் சம்பளத்தில் பணக்கார உரிமையாளர்களோடு போட்டி போட முடியாது. நல்ல ஆட்டக்காரரை விற்றால்தான் அடுத்த வருடக் கணக்கு சரிவரும் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். எனக்கு அது பரவாயில்லை.

சீசன் டிக்கெட் வாங்கலாமா, ஆட்டத்துக்கு ஆட்டம் வாங்கலாமா?

முதல் வருடம் ஆட்டத்துக்கு ஆட்டம் வாங்குங்கள். இந்தப் பிரிவுகளில் ஒரு டிக்கெட் பொதுவாக இருபது முப்பது பவுண். பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகக் குறையும். வெவ்வேறு இடத்தில் இருந்து பாருங்கள், நின்றும் பாருங்கள். ரசிகர்கள் பலர் நெரிசலில் இறந்த 1989 ஹில்ஸ்பரோ மைதானத் துயரத்துக்குப் பிறகு மேல் இரண்டு பிரிவுகளில் எல்லாருக்கும் இருக்கை கட்டாயமானது. லீக் வன், லீக் டூவில் நின்று பார்க்கும் படிக்கட்டுகள் இன்னும் உண்டு. யார் பக்கத்தில் நின்றால் பொழுது போகிறது என்று தெரிந்தபின் சீசன் டிக்கெட் வாங்கலாம். அதில் 23 லீக் ஆட்டம் அடங்கும். கப் ஆட்டங்களுக்கு அநேகமாகத் தனிக் காசு.

வீட்டிலிருந்தே பார்க்க முடியாதா?

பல ஆட்டங்கள் இப்போது ஸ்கை தொலைக்காட்சியில் வருகின்றன. ஆனால் சனி மதியம் 2:45 முதல் 5:15 வரை பிரிட்டனுக்குள் உதைபந்தாட்டத்தை நேரலையாகக் காட்டத் தடை இருக்கிறது. மான்செஸ்டர் யுனைட்டெட்டைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு ஊர்க் கழகத்தை மறந்துவிடக் கூடாது என்று 1960களில் வந்த ஏற்பாடு. சனி மூன்று மணி ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எழும்பிப் போகத்தான் வேண்டும். கனடாவிலும் இந்தியாவிலும் இருக்கும் உறவினர் அதே ஆட்டத்தை இணையத்தில் காசு கட்டிப் பார்க்கலாம் என்பது எரிச்சலான விஷயம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. குடும்பங்களுக்கென்று தனிப் பகுதி பெரும்பாலான மைதானங்களில் உண்டு. மைதானம் தெரியும் இடத்தில் மது குடிப்பது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆகவே பக்கத்து ஆள் பியரைத் தலையில் ஊற்றமாட்டார். கெட்ட வார்த்தை காதில் விழும். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வேலிப் பக்கம் வந்து கையெழுத்துப் போடுவார்கள், பிள்ளையின் பெயர் கேட்பார்கள். பிரிமியர் லீக்கில் அதற்கு வாய்ப்புக் குறைவு.

சாப்பாடு?

பை, சிப்ஸ், பர்கர், சூடான போவ்ரில் (மாட்டிறைச்சிச் சாறு, சைவக்காரர்கள் கவனம்). 2017இல் வீகன் சங்கத்தின் சான்றிதழ் பெற்ற ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் மைதானத்தில் இறைச்சியே கிடையாது. டூட்டிங் வழியாக வருபவர்கள் மட்டன் றோல்ஸைச் சாப்பிட்டு முடித்துவிட்டே உள்ளே வாருங்கள்.

நம் ஆட்கள் அங்கே இருப்பார்களா? தொல்லை ஏதும் வருமா?

குறைவாகத்தான் இருப்பார்கள். லண்டன் கழகங்களில் கூட்டம் தெருவைப் போலவே கலந்திருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். என் அனுபவத்தில், இரண்டாம் மூன்றாம் தடவை அதே இடத்தில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் தானாகக் கதைக்கத் தொடங்குவார், "போன கிழமை வரவில்லையே" என்று கேட்பார். யாராவது இனவாதமாகப் பேசினால் சும்மா இருக்க வேண்டாம். மைதானப் பணியாளரிடம் சொல்லுங்கள். கழகங்கள் முறையிடுவதற்கென்று வைத்திருக்கும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இனவாதத்துக்கு எதிரான கிக் இட் அவுட் அமைப்பிடமும் நேரடியாக முறையிடலாம்.

ஆடுபவர்களில் நம்மவர் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: விமல் யோகநாதன். வேல்சில் வளர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, நடுக்கள ஆட்டக்காரர். 2024 ஆகஸ்டில் பார்ன்ஸ்லியின் முதல் அணிக்காக இறங்கினார். இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்று செய்திகளில் வந்தது. அவர் தொடங்கியதும் மூன்றாம் படியில் இருந்த ஒரு கழகத்தில்தான் என்பதைக் கவனியுங்கள்.

வெளியூர் ஆட்டத்துக்குப் போவது எப்படி?

டிக்கெட்டை உங்கள் கழகத்திடமே வாங்குங்கள். எதிரணி ரசிகர் பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு அங்கே உங்கள் அணியின் கோலுக்குத் துள்ளாதீர்கள். முதல் பயணத்துக்கு லண்டனுக்குள் அல்லது பக்கத்தில் ஒரு சனிக்கிழமையைத் தெரிவு செய்யுங்கள். வடமேற்குக் கரையோரத்துப் பாரோ, தென்மேற்கில் இருக்கும் பிளிமத் போன்ற தூரத்து ஊர்களும் வரும். அப்படிப்பட்ட ஊருக்குச் செவ்வாய் இரவு போனால் ரசிகர் பேருந்து உங்களை விடிகாலையில்தான் இறக்கிவிடும், மறுநாள் வேலை கெடும். ஆனாலும் வெளியூர்க் கூட்டத்தில்தான் பாட்டு நன்றாக இருக்கும். அங்கே வருபவர்கள் பாதி மனதோடு வந்தவர்கள் இல்லை.

பிடித்த ஆட்டக்காரர் போய்விடுகிறாரே?

போவார். பழகிக்கொள்ளுங்கள். பெரிய கழகங்கள் தங்கள் இளைஞர்களைக் கடனாக அனுப்பும். சீசன் முடிந்ததும், சிலசமயம் ஜனவரியிலேயே, திருப்பி எடுத்துக்கொள்ளும். ஹாரி கேன் 2011இல் லேட்டன் ஓரியன்டில் அப்படித்தான் ஆடினார். நேர்மாறாக, கீழிருந்து வாங்கப்படுபவர்களும் உண்டு: ஜேமி வார்டி 2012இல் லீக்குக்கு வெளியே இருந்த ஃப்ளீட்வுட்டிலிருந்து லெஸ்டருக்குப் போனார், நான்கு வருடத்தில் பிரிமியர் லீக் பட்டம். சட்டையின் முதுகில் ஆட்டக்காரர் பெயரை அச்சிட்டுக் காசைக் கரைக்க வேண்டாம் என்பதுதான் என் அறிவுரை.

கப் ஆட்டங்கள் முக்கியமா?

எஃப்.ஏ. கப் முக்கியம். லீக் வன், லீக் டூ கழகங்கள் நவம்பரில் முதல் சுற்றில் நுழையும். இரண்டு சுற்றுத் தாண்டினால் ஜனவரியில் மூன்றாம் சுற்று; பிரிமியர் லீக் கழகங்கள் அப்போதுதான் வரும். 2019 ஜனவரியில் லீக் வன்னின் அடியில் கிடந்த விம்பிள்டன், வெஸ்ட் ஹாமை 4-2 என்று வென்றது. 2017இல் லீக்குக்கு வெளியே இருந்த லிங்கன் சிட்டி பர்ன்லியை வீழ்த்திக் காலிறுதிவரை போனது. பெரிய அணியோடு ஓர் ஆட்டம் கிடைத்தால் நுழைவுப் பணத்தில் பங்கு, தொலைக்காட்சிப் பணம் என்று ஒரு வருடப் பற்றாக்குறையே அடைபடலாம்.

லீக் கப்பில் அதிர்ஷ்டம் எப்படியும் விளையாடும். 2024 செப்டம்பரில் விம்பிள்டனுக்கு நியூகாசிலோடு சொந்த மைதானத்தில் ஆட்டம் விழுந்தது. அதற்குச் சில நாள் முன்பு பெருமழை. பக்கத்து வான்டல் ஆறு பெருகி மைதானத்துக்குள் வர, புல்தரையில் ஒரு குழியே விழுந்துவிட்டது. ஆட்டம் நியூகாசிலுக்கு மாற்றப்பட்டது, 1-0 தோல்வி. அந்த சீசன் கப்பையே நியூகாசில்தான் வென்றது.

மூன்றாவதாக இ.எஃப்.எல். டிராபி, லீக் வன், லீக் டூ கழகங்களுக்கான கப். பெரிய கழகங்களின் 21 வயதுக்குட்பட்ட அணிகளை 2016இல் உள்ளே விட்டதிலிருந்து ரசிகர்கள் பலர் அதைப் புறக்கணிக்கிறார்கள். நானும் போவதில்லை.

தொடர்ந்து தோற்கும்போது என்ன செய்வது?

நேர்மையாகச் சொன்னால் சீசனின் பெரும் பகுதி இதுதான். ஆகஸ்டில் எல்லாருக்கும் நம்பிக்கை, மேயில் சிலருக்குக் கொண்டாட்டம். நடுவில் ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு நீண்ட குளிர். புல்தரை உறைந்துபோய் ஆட்டம் கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்படும். நடுவர் காலையில் வந்து தரையைப் பார்த்துச் சொல்லும்வரை கிளம்பக்கூடாது. தள்ளிப்போன ஆட்டங்களெல்லாம் பிறகு செவ்வாய் இரவுகளில் வந்து குவியும். அட்டவணையில் "நாங்கள் இரண்டு ஆட்டம் குறைவாக ஆடியிருக்கிறோம்" என்று எல்லாரும் கணக்குப் போடுவார்கள். அந்த இரண்டிலும் தோற்பார்கள்.

2021-22 சீசனின் இரண்டாம் பாதியில் விம்பிள்டன் லீக்கில் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. கீழே இறங்கினார்கள். அந்த மாதங்களில் வந்தவர்கள் ஆட்டம் பார்க்கவா வந்தார்கள் என்று கேட்டால், பாதிப்பேர் இல்லை என்பார்கள். கோப்பிக் கடையில் சந்திப்பவர்களைப் பார்க்க, வீட்டிலிருந்து இரண்டு மணிநேரம் தப்பிக்க, பழக்க தோஷம்.

ஆட்டம் முடிந்தபின் அதிருப்தியைக் காட்டுவது ரசிகரின் உரிமை. ஆட்டம் நடக்கும்போது பத்தொன்பது வயதுப் பையனை ஊளையிட்டு விரட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அடுத்த பந்தை அவன் இன்னும் மோசமாகத்தான் உதைப்பான். களைத்துப்போனால் ஓர் ஆட்டத்தை விடுங்கள், யாரும் கணக்கெடுக்கமாட்டார்கள். மேலே சொன்ன அந்தப் பக்கத்து ஆளைத் தவிர.

கழகமே மூடப்படும் அபாயம் உண்டா?

உண்டு. 1885இல் தொடங்கி, 1900இலும் 1903இலும் எஃப்.ஏ. கப் வென்ற பெரி என்ற கழகம், 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. எட்டு மாதம் முன்புதான் கழகம் ஒரு பவுணுக்குக் கைமாறியிருந்தது. கடனும் சம்பளப் பாக்கியும் முற்றி, பணம் இருப்பதற்கான ஆதாரத்தைக் காட்ட முடியவில்லை. அதற்குச் சில மாதம் முன்புதான் அந்த அணி லீக் வன்னுக்கு ஏறியிருந்தது! ரசிகர்கள் புதிதாகத் தொடங்கி, 2023இல் பழைய கிக் லேன் மைதானத்துக்குத் திரும்பினார்கள். 2020இல் மக்கிள்ஸ்ஃபீல்ட் டவுனும் நீதிமன்றத்தால் கலைக்கப்பட்டது.

பெரியின் வீழ்ச்சி ஒரு காரணமாக 2021இல் முன்னாள் விளையாட்டு அமைச்சர் டிரேசி கிரவுச் தலைமையில் ஆய்வு நடந்து, 2025 ஜூலையில் சட்டம் வந்து, உதைபந்தாட்டத்துக்குச் சுயாதீனக் கண்காணிப்பாளர் ஏற்படுத்தப்பட்டார். கழகங்கள் உரிமம் பெற வேண்டும், உரிமையாளர்கள் சோதிக்கப்படுவார்கள். ரசிகர்களாக நாம் கவனிக்க வேண்டியவை: சம்பளம் தாமதம், கணக்கு அறிக்கை தாமதம், மைதானம் கழகத்திடமிருந்து பிரிந்து வேறு கம்பனிக்குப் போவது. இந்த மூன்றில் ஒன்றைக் கேள்விப்பட்டால் அன்றே கேள்வி கேட்கத் தொடங்குங்கள். வென்றுகொண்டிருக்கும்போது யாரும் கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

ஆர்சனலை விட்டுவிட வேண்டுமா?

யார் விடச் சொன்னது? ஞாயிறு ஆர்சனல், சனி உங்கள் ஊர்க் கழகம். இரண்டும் மோதினால் என்ன செய்வீர்கள் என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மே மாதம் எப்படி இருக்கும்?

கடைசி நாள் எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும். கையில் தொலைபேசி, கண் அங்கே பாதி இங்கே பாதி. பிளே-ஆஃப் வந்தால் அரையிறுதி இரண்டு ஆட்டம், இறுதி வெம்ப்ளியில். 2025இல் ஐந்தாவதாக முடித்த விம்பிள்டன், நாட்ஸ் கவுன்டியை இரு தடவையும் 1-0 என்று வென்று, மே 26 இறுதியில் வால்சாலையும் 1-0 என்று வென்றது. கோல் மைல்ஸ் ஹிப்போலைட். வால்சால் அந்த சீசனின் பெரும் பகுதியை முதலிடத்தில் கழித்த அணி. நமக்கு மகிழ்ச்சி, ஆனாலும் அவர்கள் பகுதியைத் திரும்பிப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கோடையில்?

ஜூன் கடைசியில் அடுத்த சீசன் அட்டவணை வரும். ஜூலையில் பக்கத்துச் சின்னக் கழகங்களோடு நட்பாட்டங்கள் நடக்கும், டிக்கெட் மலிவு, புது ஆட்டக்காரர்களைப் பார்க்கலாம். அட்டவணை வந்த அன்றே வீட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். நம் கல்யாணம், சாமத்தியவீடு எல்லாம் சனிக்கிழமைதான் வைப்பார்கள், முந்திக்கொள்பவருக்கே நாள். ஆனால் தொலைக்காட்சிக்காகவும் போலீஸ் கேட்பதாலும் தேதிகள் பின்னால் மாறும். ஆகவே வெளியூர் ஆட்டத்துக்கு, பணம் திரும்பத் தராத ரயில் டிக்கெட்டை, நேரம் உறுதியாகும் முன் வாங்க வேண்டாம்.